இலையின் நிறம்

அவள் இலையை மிளகு இடிப்பதுபோல இடித்துவிட்டாள்.

உரலுக்குள் பச்சைத் தூள். உரலைக் கண்டால் அந்தக் கைக்கு வேறொன்றும் தெரியாது.

கட்டிலில் சாய்ந்திருந்த மகன் எட்டிப் பார்த்தான். சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் இருமலாயிற்று.

“அம்மா, இது ரசத்துக்கு இல்லை.”

தூளாக்கக் கூடாதாம். விரலால் பிய்த்து உதிர்த்தால் போதுமாம். தூளானால் இழுக்கிற கருவியின் வழி அடைத்துக்கொள்ளும், மூச்சு இழுபடாது. இழுப்பதற்கு அவனிடம் மிஞ்சியிருப்பதே கொஞ்ச மூச்சு.

உரலைக் கழுவினாள். டப்பாவிலிருந்து காய்ந்த மொட்டொன்றை எடுத்து, கீரை ஆய்வதுபோல மெல்லப் பிய்க்கத் தொடங்கினாள்.

வெளியே, கனடாவின் ஸ்காபரோ முழுக்கப் பனி.

கஞ்சா என்ற சொல்லை அவள் இன்னும் வாயால் சொல்லவில்லை. டாக்டர் சொன்னார். கடையில் நின்ற பெண் சொன்னாள். டப்பாவில்கூட அச்சடித்திருக்கிறது. அவளுக்கு அது ‘அந்த இலை’.

அவன் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒருதரம் அவனுடைய பையில் அது அகப்பட்டது. கழிப்பறையில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. பேச்சை நிறுத்தினாளே தவிர, சோற்றை நிறுத்தவில்லை.

இப்போது சோற்றை அவனே நிறுத்திவிட்டான்.

வயிற்றில் தொடங்கிய புற்று எங்கெங்கோ போய்விட்டது. ஏற்றிய மருந்தில் பசி செத்துப்போனது. இந்த இலை நோவைத் தணிக்கலாம், பசியையும் கொண்டுவரலாம் என்றார் டாக்டர். முதல் பாதி அவளுடைய காதில் விழவில்லை. பசி என்ற சொல் மட்டும் விழுந்தது.

சுவாமிப் படத்தைப் பார்த்து, “ஆபத்துக்குப் பாவமில்லை” என்றாள். படம் மறுக்கவில்லை.

கைக்குள் அடங்குகிற கறுப்புக் கருவி. இலையை எரிக்காது, சூடாக்கும். புகை வராது, ஆவிதான் வரும்.

ஆவி என்றதும் அவளுக்கு நிம்மதி. ஆவி பிடிப்பதற்கு யாரும் அவளுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. நொச்சியும் வேப்பிலையும் போட்டு இதே பிள்ளைக்கு எத்தனை சளி, தடிமனை விரட்டியிருக்கிறாள்.

நேற்று துளசியைப் போட்டு அவளைப் பழக்கினான். யன்னலோரச் சாடியில் வளர்ந்து, அவள் காயவைத்த துளசி. ஒவ்வொரு இலைக்கும் ஒவ்வொரு சூடாம். நேற்று பொத்தானை அவனே அமத்திப் பிடித்தான். விளக்கு நீலமாக எரியும் வரைக்கும் விடக்கூடாது என்றான். அறை துளசியாய் மணத்தது. முடிந்ததும் மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே இலை வறுத்த மல்லியின் நிறத்தில் இருந்தது.

“இப்பிடி மண்ணிறமா வரோணும் அம்மா. பச்சையாக் கிடந்தா ஒண்டும் வரேல்லை எண்டு அர்த்தம்.”

இன்று அவனுடைய விரல்களில் பலமில்லை. பொத்தான் அவனுக்கு அமுங்கவில்லை.

எல்லாவற்றையும் அவளே செய்தாள். உதிர்த்த இலையைப் புட்டுக்குழலில் மா போடுவதுபோல, நெரிக்காமல் போட்டாள். மூடினாள். பொத்தானை அமத்தினாள். விட்டாள்.

பிறகு பெரிய போர்வையை எடுத்துவந்து, அவனையும் கருவியையும் தன்னையும் சேர்த்து மூடினாள்.

“அம்மா, இதுக்கு…”

“ஆவி வெளியில போகக்கூடாது ராசா. நீ மெல்ல இழு.”

போர்வைக்குள் கும்மிருட்டு.

அவளுடைய கை அவனுடைய முதுகில் இருந்தது. முள்ளந்தண்டின் எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. சின்ன வயதில் போர்வைக்குள் வைத்தால், காணும் அம்மா, போதும் என்று அழுவான். இப்போது அழவில்லை. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தான்.

பிறகு இழுத்தான். நிறுத்தினான். மறுபடி இழுத்தான்.

அவள் தனக்குத் தெரிந்த தேவாரம் எல்லாவற்றையும் மனதுக்குள் சொன்னாள்.

போர்வையை விலக்கியபோது அவனுடைய முகம் வியர்த்திருந்தது. அவளைப் பார்த்தான்.

“பசிக்குது அம்மா.”

அடுப்படிக்கு ஓடினாள். முழங்கால் நோவை மறந்து ஓடினாள். தினமும் காலையில் வைத்து, பொழுதுபட்டதும் கொட்டுகிற சொதி அங்கே இருந்தது. இடியப்பத்தைப் பிசைந்து, சொதி விட்டுக் குழைத்துக்கொண்டு வந்தாள்.

ஊட்டினாள். விழுங்கினான். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். கட்டில் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு விழுங்கினான். தட்டில் பாதி போனது.

அவளுக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. இத்தனை நாளைக்குப் பிறகு வந்த சந்தோஷத்தை யாருக்காக மறைப்பது.

தட்டைக் கழுவினாள். கருவியையும் துடைத்து வைக்கலாம் என்று மூடியைத் திறந்தாள்.

இலை பச்சையாக இருந்தது.

கருவியை உள்ளங்கையில் வைத்து மூடினாள். வெளியே கிடக்கிற பனியைப்போலக் குளிர்ந்தது.

அமத்தியதும் விட்டுவிட்டாள். பிடித்திருக்க வேண்டும். போர்வைக்குள் ஒரு நீல வெளிச்சம் இருந்திருக்க வேண்டும். அவ்வளவு இருட்டு இருந்திருக்கக் கூடாது.

அந்த இருட்டுக்குள்தான் அவன் இழுத்தான்.

கழுவிய தட்டைப் பார்த்தாள்.

அறைக்குள்ளிருந்து அவனுடைய குரல் வந்தது. குரலில் அவசரம் இருந்தது.

“அம்மா, அந்த மெசினைத் திறக்காதேங்கோ. நான் பிறகு துடைக்கிறன்.”

அவள் சத்தம் கேட்காமல் மூடியை மூடினாள்.

“திறக்கேல்லை ராசா.”