வெட்டச் சொன்ன முகம்

"இந்தப் பொண்ணு ஒரு இடத்துலகூட இருக்கக் கூடாது. அவ நிழல்கூட விழக் கூடாது." பழைய வீடியோ கேமராவின் குட்டித் திரையைத் தட்டிக் காட்டினார் பெரியவர்.

திரையில் ரெட்டைச் சடைப் பெண் ஒருத்தி கேமராவைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தாள்.

"யாரு சார் இது?"

"என் பொண்ணு."

வீடியோ கடையில் எடிட்டர் பெண்ணுக்குக் கத்திரி என்று பட்டப்பெயர். கல்யாண வீடியோவில் கொட்டாவி விட்ட மாமாவை வெட்டியிருக்கிறாள். கோபித்துக்கொண்டு போன மருமகனை வெட்டியிருக்கிறாள். பெற்ற மகளை வெட்டச் சொல்லி இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை.

"எதுக்கு சார்?"

"என் வீட்டம்மா பழைய வீடியோ பார்க்கணும்னு ஆசைப்படறா. பார்க்கட்டும், சந்தோஷப்படட்டும். இவ மட்டும் அவ கண்ணுல படக் கூடாது."

கத்திரிக்குச் சுருக்கென்றது. அவளும் மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டு வந்தவள்தான். வந்த கையோடு, அவளுடைய அப்பா சுவரில் இருந்த குடும்பப் படத்தைக் கழற்றி, அவள் நின்ற ஓரத்தை மடித்து, மறுபடி சட்டம் போட்டு மாட்டிவிட்டார். தம்பி சொல்லித்தான் தெரியும். அதற்கப்புறம் அம்மாவின் குரலைக்கூட அவள் கேட்டதில்லை.

'இவரும் அதே ரகம்தான்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கேமராவில் கேபிளைச் செருகினாள்.

இந்தப் பழைய கேசட்டில் இதுதான் தொல்லை. சட்டென்று காப்பி பண்ண முடியாது. கேமராவில் ஓடவிட்டு, அது ஓடுகிற வேகத்திலேயே கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஒரு மணி நேரப் படத்துக்கு ஒரு மணி நேரம் காவல் காக்கணும்.

பெரியவரும் ஸ்டூலை விட்டு நகரவில்லை. திரையில் மனைவி சிரித்தால் தானும் சிரித்தார். மகள் வந்தால் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடேயப்பா, என்ன வைராக்கியம் மனுஷனுக்கு!

நடுவில் அவருடைய போன் அடித்தது. "வீடியோ கடைக்கு வந்திருக்கேம்மா. நம்ம பழைய கேசட்டை ஏத்துறாங்க. சாயங்காலம் சேர்ந்து பார்க்கலாம்."

கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. மறுபடியும் அதே பதில், வார்த்தை மாறாமல். மூன்றாவது தடவையும் அதேதான், துளிச் சலிப்பு இல்லாமல்.

'பாவம், பெத்தவ. இவர் பேச்சுல அந்தம்மாவுக்கு நம்பிக்கையே இல்ல போல' என்று நினைத்துக்கொண்டாள் கத்திரி.

கேசட் முடிந்ததும் வெட்ட ஆரம்பித்தாள். பிறந்தநாள் கேக் முன்னாலிருந்து மகள் போனாள். மாடிப்படியிலிருந்து போனாள். சில இடத்தில் படத்தைப் பெரிசாக்கி அவளை ஓரத்துக்கு வெளியே தள்ளினாள். ஒரு காட்சி மட்டும் எந்த வித்தைக்கும் மசியவில்லை. அம்மா மகளுக்குத் தலை பின்னுகிறாள், வலிக்குதென்று மகள் கத்துகிறாள், ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

"அதை முழுசா தூக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார் பெரியவர்.

கத்திரிக்குக் கை வரவில்லை. அந்தக் காட்சியைத் தூக்கிப் படத்தின் கடைசியில் வைத்தாள். முன்னால் கொஞ்சம் கறுப்புத் திரையும் விட்டாள். படம் முடிஞ்சுதுன்னு இவர் எழுந்து போயிடுவார், அந்தம்மா உட்கார்ந்திருப்பாங்க, பெத்த வயிறு கொஞ்சம் குளிரட்டும். தனக்கு யாராவது இப்படிச் செய்ய மாட்டார்களா என்று நினைத்துக்கொண்டாள். திரும்பி வந்தவர் பென் டிரைவைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் கடை திறக்கும்போதே வாசலில் நின்றார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று கத்திரியும் இடுப்பில் முந்தானையைச் செருகாத குறையாகத் தயாரானாள்.

அவரோ தணிந்த குரலில், "கடைசியில ஒண்ணு விட்டுப்போச்சும்மா. கவனிக்காம இருந்திருப்பீங்க. அதையும் எடுத்துக் குடுத்துடுங்க" என்றார்.

"விட்டுப்போகல சார், நான்தான் வச்சேன்!" அவளுக்குப் படபடவென்று வந்தது. "உங்க இஷ்டத்துக்கு நடக்கலைன்னா பெத்த பொண்ணு இல்லைன்னு ஆயிடுமா? ஒரு அம்மா பொண்ணு முகத்தைப் பார்க்கக்கூட உங்க பர்மிஷன் வேணுமா?"

பெரியவர் கோபப்படவில்லை. ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். பதில் சொல்வதற்குள் போன் அடித்தது.

"வீடியோ கடைக்கு வந்திருக்கேம்மா... ஆமா, நம்ம பழைய கேசட்தான்... சாயங்காலம் சேர்ந்து பார்க்கலாம்."

போனைச் சட்டைப்பையில் வைத்தார். "இப்ப சொன்னது இன்னும் அஞ்சு நிமிஷத்துல அவளுக்கு மறந்துடும். ரெண்டு வருஷமா இப்படித்தான். பொண்ணு முகத்தைப் பார்க்காத வரைக்கும் ஒண்ணும் கேக்க மாட்டா. பார்த்துட்டா, 'எங்க அவ, ஏன் இன்னும் வீட்டுக்கு வரல'ன்னு வாசல்லயே உட்கார்ந்துடுவா. நடந்ததைச் சொல்லித்தான் உள்ள கூட்டிட்டு வரணும். எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்கு அது புதுச் சேதிம்மா."

கத்திரி பென் டிரைவுக்காகக் கையை நீட்டினாள்.

"நேத்து எங்க பொண்ணு மறுபடியும் செத்துப்போனாம்மா."