வயர் இல்லாத பிரின்டர்

"வயர் வச்சதெல்லாம் வேணாம். வைஃபை இருக்குறதுதான் வேணும்."

ராஜப்பா இப்படிச் சொன்னதும் மமதாவும் திலீப்பும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கோரமண்டல் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அவருடைய இன்சூரன்ஸ் ஆபீஸ். அவருக்கும் அங்கே வேலை பார்க்கும் இவர்கள் ரெண்டு பேருக்குமாக மூன்று மேஜை, ஒரு ஃபேன். அந்த ஃபேனையும் மதியத்துக்கு முன்னால் போட விடமாட்டார். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட, பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாப்பிள்ளை பெயரைப் படிப்பார்.

அப்பேர்ப்பட்டவர், நாலு நாளைக்கு ஒருமுறை இங்க் காய்ந்துபோகிற பழைய பிரின்டரைத் தள்ளிவிட்டு லேசர் பிரின்டர் வாங்கச் சம்மதித்ததே பெரிய விஷயம்.

"சார், வயர் வச்சது விலை கம்மி. மூணு பேரும் பக்கத்துல பக்கத்துலதான் குந்தினு கீறோம். நமக்கு எதுக்கு வைஃபை?" என்றான் திலீப்.

"வயரு கால்ல தட்டும்டா."

வைஃபை பிரின்டரே வந்தது.

திலீப் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கப் போனான். ராஜப்பா தடுத்துவிட்டார். "சும்மா சுத்திட்டு எடுத்து வை. ஜூஸ் போடலாம்."

பூரி மாதிரி சூடாகக் காகிதம் வந்து விழுவதைப் பார்க்க மமதாவுக்கு அத்தனை ஆசை. பாலிசி ரசீது ஒன்று எடுக்க வேண்டுமென்றால்கூட எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றுகொள்வாள்.

ஒரு வாரம் போனது.

அன்று காலை சுவிட்சைப் போட்டுவிட்டு மமதா கூட்டிக்கொண்டிருந்தாள். யாரும் எதுவும் கொடுக்காமலே பிரின்டர் ஓட ஆரம்பித்தது. முதல் காகிதத்தில் ஒரு முழு எலும்புக்கூடு. அடுத்ததில் கை எலும்புகள். அதற்கடுத்ததில் முதுகெலும்பு.

"இன்னாடி இது? மிஷினுக்குப் பேய் புடிச்சுகிச்சா?" என்றான் திலீப்.

உள்ளே வந்த ராஜப்பா பார்த்தார். ஆபீஸ் அதிர்ந்தது.

"எவன்டா அவன்! எங்க பேப்பரு, எங்க கரண்டு, அவன் ஊட்டு எலும்பா?"

கத்தி முடித்ததும் காகிதங்களை ஓரம் தட்டி அடுக்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "பின்பக்கம் ரஃபுக்கு ஆவும்."

மறுநாள் நுரையீரல் வந்தது. அதற்கு மறுநாள் கிட்னி.

"சார், இந்தப் பிரின்டருக்கே தனியா வைஃபை கீது. அக்கம்பக்கத்துல யாரோ உள்ள பூந்துட்டாங்க. பாஸ்வேர்டு போட்டா நின்னுடும்" என்றான் திலீப்.

"போடு, போடு! இப்பவே போடு!"

போட்டான். மமதாவிடமும் ராஜப்பாவிடமும் சொன்னான். காலையில் சுவிட்சைப் போட்டால் கல்லீரல் வந்து விழுந்தது.

அப்போதுதான் மமதாவுக்குச் சுருக்கென்றது. திலீப்புக்கு நிச்சயம் பண்ணியிருக்கும் பவ்யா நர்சிங் படிக்கிறாள்! பாஸ்வேர்டு போட்டதும் இவன்தான். அவளுக்குக் கொடுத்துவிட்டு இங்கே துப்பறிகிற மாதிரி நடிக்கிறான். இத்தனை நாள் ஒரே டப்பாவில் சாப்பிட்டவன் இப்படியா?

மனசு கேட்காமல் ராஜப்பாவிடம் சொன்னாள். அவர் முகமே மாறிவிட்டது.

"சேச்சே! திலீப் அப்பிடிப்பட்டவன் இல்லமா. அவன ஒண்ணும் கேக்காத."

"அப்ப வேற யாரு சார்?"

"வுடும்மா. பேப்பருதான, போனா போவுது."

பேப்பர் போனால் போகட்டும் என்று ராஜப்பா சொல்வதா! இந்த மனுஷனையே ஏமாற்றுகிறானே என்று அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் திலீப் கிளம்பியதும் பாஸ்வேர்டை மாற்றினாள்.

"சார், இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நாளைக்கு ஒண்ணும் வரலைன்னா, இத்தினி நாளா செஞ்சது திலீப்தான்."

ராஜப்பா தலையைச் சொறிந்தார். "சரிம்மா" என்று புது பாஸ்வேர்டைக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் காலை சுவிட்சைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள் மமதா. திலீப் டப்பாவைத் திறந்தான்.

"இட்லி துன்றியா?"

அவள் பிரின்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் ஆனது. சட்டென்று பிரின்டர் உறுமியது.

"பாரேன்! இன்னிக்கு மூளை!" என்று சிரித்தான் திலீப்.

மமதாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. "குடுடா" என்று அவன் இட்லியில் ரெண்டை வாங்கித் தின்றாள்.

ராஜப்பா வந்தார். வழக்கத்தைவிட ஒரு மடங்கு அதிகமாகக் கத்தினார். காகிதங்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பினார்.

கை கழுவக் கொல்லைப்பக்கம் போனாள் மமதா. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தாள்.

பின்வீட்டு பாக்கியவதி. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. ரெண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகு இவளுக்கு எதுக்கு நர்சிங் படிப்பு என்று தெருவே சிரித்ததே, அவள்தான். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த களைப்பு முகத்தில். கையில் மூளைப் படம்.

"கண்ணாடியாட்டம் கீது அண்ணே. ஆனா உள்ள நீங்க கத்துறதக் கேட்டாத்தான் கொல நடுங்குது."

"அது ஆபீஸுக்கும்மா, நீ கண்டுக்காத" என்றார் பையை மூடிக்கொண்டு நின்ற ராஜப்பா. "நீ நல்லா படி. அந்த மமதாதான் ரொம்ப உஷாரு, இன்னிக்கும் பாஸ்வேர்ட மாத்துவா. மாத்துனா, நேத்து அனுப்புன மாதிரியே உடனே உன் போனுக்கு அனுப்பிடுறேன்."