பழுதுப் புடவை

“ஏன் சார், தர்ம டிரஸ்ட்டுன்னு பேர் வெச்சிக்கினு, ஏழைப் பொண்ணுங்களுக்குப் பழுதுப் புடவையா குடுக்கறீங்க?”

ஆடிட்டர் ஆதிகேசவன் மூக்காலேயே பேசுவார். அவர் சொன்னால் பழுது ‘பழுந்து’ ஆகிவிடும்.

எங்கப்பா தணிகாசலம் பட்டுக் கடைக்காரர். செத்துப்போன அத்தை பெயரில் டிரஸ்ட் வைத்து, வழியில்லாத நெசவாளர் வீட்டுப் பெண்களுக்கு முகூர்த்தப் புடவை கொடுக்கிறார். இன்கம்டாக்ஸுக்கு வருஷக் கணக்கு அனுப்ப வேண்டிய கடைசி வாரம் அது.

அப்பா தொண்டையைக் கனைத்தார். “பழுதும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா. எல்லாம் முதல் தரம். நான்தான் அப்படிச் சொல்லிக் குடுக்கறது. ‘கோர்வையில தப்பாயிடுச்சும்மா, கரை சரியா சேரல, கடையில போகாது, நீ கட்டிக்கினா எனக்கு உதவி’ன்னு. தர்மம்னு சொன்னா வாங்குவாங்களா? ரோஷக்காரங்க. வெளியில தெரியக் கூடாதுன்னு கணக்குலயும் பழுதுன்னே எழுதிட்டேன்.”

“ஆபீசர் கதை கேக்க மாட்டாரு சார். ‘தர்மமாகப் பெற்றுக்கொண்டேன்’னு ஆளாளுக்குக் கையெழுத்து வாங்குங்க. இல்லன்னா வரிவிலக்கு போச்சு. வரி கட்டி முடிச்சா, அடுத்த வருஷம் குடுக்க ஒரு ரவிக்கைத் துண்டு மிஞ்சாது.”

“மாமியார் வீட்டுல இருக்கற பொண்ணுகிட்ட போய், நீ வாங்கினது தர்மம்னு எழுதிக் குடுன்னு கேக்கறதா? வேணாம்பா. டிரஸ்ட்டையே மூடிடலாம்.”

அன்றைக்கு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? சாயங்காலம் தெருக்குழாயடியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆடிட்டர் ஆனேன். தொண்டையைக் கனைத்து அப்பா ஆனேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் சிரித்தார்கள்.

போன தையில் கல்யாணமான பொன்னியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. “அந்த டிரஸ்ட்டை மூடற இடத்தைத் திரும்பச் சொல்லுடி இந்திராணி” என்றாள்.

மறுநாள் கடை திறந்ததும் பொன்னியம்மாள் வந்து நின்றாள். பின்னால் ஏலவார்குழலி, இடுப்பில் குழந்தையோடு ரேணுகாம்பாள், இன்னும் சில பெண்கள்.

“எங்க கையெழுத்துப் போடணும் மொதலாளி?”

அப்பா என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு அவளிடம் குழைந்தார். “பழுதுப் புடவைக்குப் போய் என்னத்துக்கும்மா கையெழுத்து? அந்தக் கோர்வை இருக்குது பாரு…”

“பேனா குடுங்க மொதலாளி.”

அவள் போட்டுவிட்டு, பேனாவை அடுத்தவளிடம் நீட்டினாள். அப்பா அந்தப் பக்கம் பார்க்கவே கூசிப்போய் நின்றார்.

“பொறந்ததுலேர்ந்து தறியண்ட உக்காந்துக்கினு இருக்கறவங்க நாங்க. பிரிச்ச உடனே தெரிஞ்சிடுச்சு, பழுதே இல்லன்னு” என்றாள் பொன்னியம்மாள். “பொய் சொல்ல வராம நீங்க பட்ட அவஸ்தையைப் பார்த்து, பாவம்னுதான் வாங்கிக்கினோம்.”