நாற்பது தப்படி

"கார் நுழையாத கடைத்தெரு. நல்ல யோசனைதான். ஆனா இது என்னம்மா, நாற்பது தப்படிக்கு ஒரு பெஞ்ச்?" தலைமைப் பொறியாளர் வரைபடத்தைத் தட்டினார். "நூறு மீட்டருக்கு ஒண்ணுன்னு விதி இருக்கு. இது தெருவா, தியேட்டரா?"

அன்று அவர் கையெழுத்துப் போடாவிட்டால் திட்டம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போய்விடும்.

"நடக்கிறவங்களை வெச்சு அளந்தேன் சார்" என்றாள் வடிவமைப்பாளர்.

"யாரை வெச்சு?"

"சாயந்திரம் ஒரு தம்பதி அங்க நடப்பாங்க. அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி போல. நாற்பது தப்படிக்கு ஒரு தடவை நின்னுடுவாங்க, ஆனா வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. அவங்க நின்னதும் அவர் குனிஞ்சு ஷூ லேஸைக் கட்டுவார். பார்க்கிறவங்களுக்கு அவருக்காகத்தான் அவங்க நிக்கிற மாதிரி இருக்கும். கடைசிக் கடைக்குப் போறதுக்குள்ள ஏழு தடவை கட்டிடுவார், பாவம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாருன்னு தெரியுமா?"

"மாடி ஜன்னல்லேருந்து பார்த்தேன் சார். முகம் தெரியலை." வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள்.

அவர் பேனாவை எடுத்து 'நாற்பது' என்பதை அடித்தார். போச்சு என்று நினைத்தாள்.

அதன் மேலேயே 'முப்பத்தைந்து' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"முப்பத்தஞ்சுலயே அவளுக்கு வலி ஆரம்பிச்சிடும்மா. மிச்சம் அஞ்சை எனக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு நடக்கிறா."