இறுக்கிப் பிடித்த கை

"பிடியை அவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீங்கம்மா. அங்கதான் தப்பு நடக்குது."

கண்டக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். கதிர்வீச்சு அறைக்கு வெளியே, எதிர் பெஞ்சில் இருந்த மீசைக்காரர்தான் பேசினார். பக்கத்தில் அவர் மனைவி, மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"நான் உங்க வீட்டம்மாகிட்ட பேசிட்டிருக்கேன், சார்."

பேச்சு நேற்றைய கதையைப் பற்றியது. புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆன அவளுடைய இடது மார்புக்குக் கதிர் கொடுக்க வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கித் தாங்கியில் வைத்து, அங்கே இருக்கும் பிடியைப் பற்றிக்கொண்டு அசையாமல் படுக்க வேண்டும். மார்பில் வரைந்த நீல மைக்கோடும் மெஷினின் வெளிச்சக் கோடும் ஒன்றாகச் சேர வேண்டும். நேற்று சேரவே இல்லை. ஓடுகிற பஸ்ஸில் ஆடாமல் நின்று டிக்கெட் கிழித்தவளை, ஆடுகிறாள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மானம் போனது ஒரு பக்கம், சிகிச்சை தள்ளிப்போகிறதே என்ற பயம் இன்னொரு பக்கம்.

"இன்னிக்குத் தோள் கழண்டு விழுந்தாலும் சரி, முடிக்காம வீட்டுக்குப் போறதா இல்ல" என்றாள் அந்த மனைவியிடம்.

மீசைக்காரர் விடவில்லை. "பஸ் கம்பி மாதிரி இறுக்கினா தோள் தூக்கிக்கும். தோள் தூக்கினா கோடு நகரும். கை நம்மது இல்லைன்னு நெனச்சு, அந்தத் தாங்கி மேல போட்டுடணும். விரல் சும்மா தொட்டா போதும்."

கண்டக்டரம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும், சார். வலி எங்களுக்கு, பாடம் எடுக்கறது நீங்களா? பாவம், உங்க வீட்டம்மாவைப் பேசவே விட மாட்டேங்கறீங்க."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மீசைக்காரர் கண்ணாலேயே தடுத்தார். "சரிம்மா, தப்புதான்."

அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

படுத்ததும் பழக்க தோஷத்தில் பிடியை இறுக்கிவிட்டாள்.

"கோடு சேரலையே" என்றாள் மெஷின் பார்க்கும் பெண். நேற்று சொன்ன அதே குரல்.

கண்டக்டரம்மா பல்லைக் கடித்தாள். திட்டிய வாயின் ஈரம் காய்வதற்குள் அந்த ஆள் பேச்சையே கேட்க வேண்டுமா? ரோஷம் பெரிதா, உயிர் பெரிதா? விரல்களைத் தளர்த்தினாள். கையைத் தாங்கியின் மேல் அப்படியே விட்டாள். தோள் மெதுவாக இறங்கியது.

"சேர்ந்துடுச்சு. அசையாதீங்க."

அவள் அசையவில்லை.

முடிந்து வெளியே வந்தவள், நேராகப் போய் அந்த மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்க வீட்டுக்காரர் சொன்னது பலிச்சுடுச்சுங்க. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். உங்களுக்கும் அவர்தான் சொல்லிக் குடுத்தாரா?"

அந்தப் பெண் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. "அடுத்து வாங்க."

"தைரியமாப் போய்ட்டு வாங்க. பையை நான் பாத்துக்கறேன்" என்று கண்டக்டரம்மா கை நீட்டினாள்.

மனைவி எழுந்திருக்கவில்லை. மீசைக்காரர்தான் கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, சட்டைப் பொத்தான்களை அவிழ்த்தபடி கதவை நோக்கி நடந்தார். அவருடைய இடது மார்பில் அதே நீல மைக்கோடுகள்.