பத்துக்கு ரெண்டு

"போதுங்க, முகத்துக்குப் பட்டி பாக்குறீங்களா என்ன?" என்று மனைவி பவுடர் டப்பாவைப் பிடுங்கினாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, மறுபடியும் மறுபடியும் கன்னத்தில் பூசிக்கொண்டிருந்தார் பெயின்டர். எத்தனையோ வீடுகளைப் பளபளவென்று ஆக்கிய கை. ஆனால் புற்றுநோய் மருந்து ஏற ஆரம்பித்ததிலிருந்து சொந்த முகம் மட்டும் எத்தனை கோட் அடித்தாலும் நிறம் பிடிக்க மாட்டேன் என்றது.

"சோர்வு பத்துக்கு எவ்வளவுன்னு டாக்டர் கேப்பாரு. நான் ரெண்டுன்னு சொல்லுவேன். நீ வாயத் தொறக்கக் கூடாது."

"காலையில சட்டைக்குப் பட்டன் போடறதுக்குள்ள கட்டில்ல சாஞ்சுட்டீங்க. அதுக்குப் பேரு ரெண்டா?"

"அடியே, போன தடவ பக்கத்து பெட்காரர் சொன்னாரில்ல? முடியலன்னு சொன்னா மருந்த நிறுத்திடுவாங்களாம். இன்னும் ஒரே ஒரு தடவ ஏத்தினா முடிஞ்சுது. கரை சேர்ற நேரத்துல கவுத்துடாத."

அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது.

"ஈரச் சுவத்துமேல பெயின்ட் அடிச்சா உரிஞ்சுடும்னு ஊருக்கெல்லாம் சொல்வீங்க" என்று முணுமுணுத்துவிட்டு, டீ வாங்கக் கேன்டீனுக்குப் போனாள்.

பெயின்டருக்குக் கண் சொக்கியது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது.

"அதுக்குள்ள வந்துட்டியா?" என்று கண்ணைத் திறக்காமலே தோளில் சாய்ந்தார். "முடியலடி. எந்திரிச்சு நின்னாலே மலை ஏறின மாதிரி இருக்கு. எட்டுக்குக் கொறையாது. அந்த மனுஷன்கிட்ட மட்டும் சொல்லிடாத, மருந்த நிறுத்திட்டா நான் என்ன பண்ணுவேன்?"

மனசுக்குள் இருந்ததைக் கொட்டியதும் லேசாக இருந்தது. அப்படியே குறட்டை விட ஆரம்பித்தார்.

நர்ஸ் தட்டி எழுப்பியபோது பக்கத்து நாற்காலி காலி. முந்திக்கொண்டு உள்ளே போய் வத்தி வைக்கிறாளோ என்று பதறி எழுந்தார். நல்லவேளை, டீ கப்புகளோடு டாக்டர் அறை வாசலில்தான் நின்றிருந்தாள். நிம்மதியாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவளோடு நுழைந்தார்.

"சோர்வு பத்துக்கு எவ்வளவு?" என்றார் டாக்டர்.

"ரெண்டு டாக்டர்! விட்டா இப்பவே சாரத்துல ஏறிடுவேன்."

டாக்டர் கம்ப்யூட்டரில் எட்டு என்று தட்டினார்.

"இதுக்காக மருந்த நிறுத்த மாட்டேன், பயப்படாதீங்க. ரத்தம் கொறஞ்சிருக்கான்னு பாப்போம். தூக்கத்துக்கு வழி பண்ணுவோம். முடிஞ்ச மட்டும் கொஞ்சம் நடங்க. சோர்வுக்கும் வைத்தியம் இருக்கு."

பெயின்டருக்குப் பாரம் இறங்கியது. இறங்கிய வேகத்தில் கோபம் ஏறியது. மனைவி பக்கம் திரும்பினார்.

"போட்டுக் குடுத்துட்டியா? உன் தோள்ல சாஞ்சு மனசுவிட்டுச் சொன்னேனே!"

"என் தோள்லயா? கேன்டீன் க்யூல நின்னு இப்பத்தாங்க வர்றேன்!"

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இந்த ரூமுக்குள்ள வந்தா எல்லாரும் ரெண்டுதான் சொல்றாங்க. அதனால கூப்பிடறதுக்கு முன்னாடி நானும் கொஞ்ச நேரம் வெளிய வந்து உக்காந்துக்கறது."

அவருடைய கருநீலச் சட்டையின் தோளில், ஒரு கன்னத்தின் அளவுக்குப் பவுடர் அப்பியிருந்தது.