கழுத்து அளவு

பெடலில் காலை வைத்ததும் ஓவர்லாக் மிஷின் பாய்ந்தது.

ஹஃபீஸா பயந்து காலை எடுத்தாள். அதற்குள் ஒரு தோள் மூட்டி முடிந்திருந்தது.

வீட்டில் கால் மிஷினில் ரவிக்கை தைக்கிறவள் அவள். பனியன் துணியில் டி-ஷர்ட் தைப்பது இதுதான் முதல் தடவை. இந்த மிஷினில் ஊசிக்குப் பக்கத்திலேயே கத்தி இருந்தது. தைக்கத் தைக்க ஓரத்தை வெட்டிக்கொண்டே போகும். கை பிசகினால், பிரித்துத் தைக்கத் துணி மிஞ்சாது.

செல்லூரில் கிரிதரனுடைய பட்டறை அது. பிள்ளைகளுக்கு டி-ஷர்ட் தைத்துக் கடைகளுக்குப் போடுகிறவர். ஆட்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் ஒரு மிஷினில் உட்கார்ந்துகொள்ளச் சொல்லியிருந்தார்.

சட்டைக் கைகளை வைத்துத் தைத்தாள். பக்கங்களை மூட்டினாள்.

கடைசியாகக் கழுத்து. கழுத்தைச் சுற்றி வரும் ரிப் பட்டையை மட்டும் இழுத்துப் பிடிக்க வேண்டும். கீழே இருக்கிற துணி இழுபடக் கூடாது. மின்விசிறிக்கு அடியிலேயே அவளுக்கு விரல்கள் வியர்த்தன.

கிரிதரன் டிபன் கேரியரை மூடிவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, கழுத்த இம்புட்டு அகலமா வெட்டிருக்க? பையனுக்கு எத்தன வயசு?"

"நாலுண்ணே."

"நாலு வயசுப் பிள்ளைக்கு இது தோள்லயே நிக்காதேம்மா."

"அவனுக்கு இப்புடித்தாண்ணே வேணும்."

அவள் நூலை வெட்டிச் சட்டையை உதறியபோது, அவர் அதை வாங்கி உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். ஓர் இடத்திலும் பிசிறு இல்லை. முதல் சட்டை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்றார்.

மஞ்சள் சட்டையை மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, கோரிப்பாளையம் வரை வெயிலில் வேகமாக நடந்தாள். வழியில் ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

பாதுஷா சுவரோரம் தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். துணைக்கு இருந்த பக்கத்து வீட்டு மலையம்மாள், "உன்னையத்தான் கேட்டுக்கிட்டே இருந்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

சட்டையைக் கண்டதும் இரண்டு கைகளையும் தூக்கினான்.

பிறந்ததிலிருந்து முன்பக்கம் பட்டன் வைத்த சட்டைகள்தான் அவனுக்கு. தலையில் நீர் கோத்துப் பிறந்த பிள்ளை. கடையில் விற்கிற எந்தக் கழுத்துக்குள்ளும் அந்தத் தலை நுழையாது. மலையம்மாளின் மகன் டி-ஷர்ட்டுக்குள் புகுந்து காணாமல் போய், மேல்பக்கமாகச் சிரித்துக்கொண்டு முளைப்பதை ஒரு நாள் பாதுஷா பார்த்துவிட்டான். அன்றிலிருந்து அவனுக்கும் காணாமல் போக வேண்டும்.

ஹஃபீஸா சட்டையைச் சுருட்டித் தலைவழியே போட்டாள். கைகள் துழாவித் துழாவி வெளியே வந்துவிட்டன. கழுத்துப் பட்டை உச்சந்தலையில் நின்றுவிட்டது.

மெல்ல இழுத்தாள். இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

உள்ளேயிருந்து சிரிப்பு கேட்டது. பிறகு, "வலிக்குதும்மா."

உருவி எடுத்தாள். பட்டையை ரொம்ப இறுக்கித் தைத்துவிட்டோம், கை பழகாத மிஷின் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டாள். பட்டையை எடுத்துவிட்டு வேறு வைத்தால் போகிறது.

வெட்டுவதற்கு முன் டேப்பை எடுத்தாள். கழுத்தை முழுக்க விரித்து அளந்தாள். திரும்பவும் அளந்தாள்.

தையலில் குறை இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு அவன் தலையைச் சுற்றி அளவெடுத்து, அதற்கு மேல் ஒரு விரற்கடை தாராளமும் விட்டு வெட்டிய கழுத்து அது. அந்தத் தாராளம் அப்படியே இருந்தது.

தலையிலிருந்து வயிற்றுக்கு நீர் வடிய இரண்டாம் தடவையாகக் குழாய் வைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். இனிமேல் தலை வளரக் கூடாது என்றார் டாக்டர். வளர்ந்தால் என்ன சார் செய்ய என்று அவள் கேட்டாள். அவர் பிள்ளையின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

டேப் மடியில் கிடந்தது. அதை எடுத்து அவன் தலையைச் சுற்றி வைக்க அவளுக்குக் கை வரவில்லை.

"இன்னொரு வாட்டி போடும்மா."

போட்டாள். மறுபடியும் உச்சந்தலையில் நின்றது. துணிக்குள் அவன் மூச்சு விடுவது தெரிந்தது. தன் முகம் அவன் கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஹஃபீஸா அழுதாள், சத்தம் வராமல்.

பிறகு கத்தரிக்கோலை எடுத்தாள். பட்டைக்கும் தலைக்கும் நடுவே இரண்டு விரலைக் கொடுத்து, முன்பக்கமாக வெட்டினாள்.

மஞ்சள் துணி விலகி அவன் முகம் வந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. வாயெல்லாம் பல்.

"அத்தா வர்றப்ப இதத்தான் போட்டுக்குவேன்."

சவுதியில் இருக்கும் அவன் அப்பா ஷாநவாஸுக்கு லீவு கிடைக்க இன்னும் ஒரு வருடம் இருந்தது.

வெட்டிய இரண்டு ஓரங்களையும் அவன் நெஞ்சின் மேல் சேர்த்துப் பிடித்தபடி, "போட்டுக்கலாம்" என்றாள்.